புயல் சேதி யார் காதில் விழுகிறது? – வாசகர் கேள்விகள்

புயல் என்ன ஆண், பெண் பார்த்தா அடிக்கிறது? எச்சரிக்கைப் பணியில் பெண்கள் என்று தனியாகப் பேசுவது ஏன்?

புயல் பார்ப்பதில்லை. சேதிதான் ஆள் பார்த்துப் போகிறது. 1991 ஏப்ரலில் வங்கதேசத்தின் சிட்டகாங் கரையில் அடித்த புயலில் ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தார்கள். 20 முதல் 44 வயதுக்காரர்களில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் என்றால், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர். எச்சரிக்கை விடாமல் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. ஆண்கள் நெரியும் புகலிடத்துக்கு எப்படிப் போவது என்று தயங்கியவர்கள் உண்டு. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு, சேலை காலைச் சுற்றத் தண்ணீரில் சிக்கியவர்களும் உண்டு.

இன்று அங்கே புயல் ஆயத்தத் திட்டத்தில் சுமார் 76,000 தொண்டர்கள், பாதிப்பேர் பெண்கள். தெருவில் ஒருவர் மெகாபோனில் கத்திக்கொண்டு போவது ஒன்று. தெரிந்த பெண் படியேறி வந்து, "எழுந்திரு, பிள்ளையைத் தூக்கு" என்பது வேறு. இரண்டாவதற்குத்தான் வீடு நகரும்.

செல்போனில் அலர்ட் வருகிறதே, போதாதா?

வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் மீன் பிடிக்கப் போன வீட்டுக்காரரோடு கடலில் என்றால்? 1998 வாக்கில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களும் அவற்றை நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 சுனாமியன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரே ஒரு போன் தகவலை நல்லவாடு ஊர் முழுக்கக் கொண்டுபோனதும் குழாய் ஸ்பீக்கர்தான்.

ஆரஞ்சு அலர்ட் என்றார்கள், எங்கள் தெருவில் வெயில் காய்ந்தது. இவர்களை நம்பலாமா?

நம்பலாம். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருங்கள் என்று பொருள். அதுவும் மாவட்டத்துக்குச் சொன்னது, உங்கள் தெருவுக்கு அல்ல.

வானிலைத் துறையில் பெண்கள் உண்டா?

பீருமேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணியிடமிருந்து தொடங்குங்கள். வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழிவகுத்தவர். துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு பெற்றார்.

எங்கள் மகளிர் குழு, மழைக்கு முன் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். எந்த வீட்டில் நிறைமாதக்காரி, எங்கே படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஆயா, யார் வீட்டில் ஆம்பிளை இல்லை என்று எழுதுங்கள். பத்து வீட்டுக்கு ஒருத்தி பொறுப்பு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அட்டையின் மேலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் புகலிடத்தைப் பகலிலேயே போய்ப் பாருங்கள். நான் போன ஒன்றில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ராத்திரி முழுக்க ஒருத்தியும் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆடுகளைக் கட்ட இடம் உண்டா என்றும் கேளுங்கள். ஆடு வளர்க்கிறவர்கள் அதை விட்டுவிட்டு வரமாட்டார்கள்.