பார்த்திவபுரத்துச் சாலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பார்த்திவபுரத்தில் அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் இருந்ததென்று சிலரும், வெறும் ஊட்டுப்புரைதான் (சோறு போடும் இடம்) என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி? அதற்குச் சொல்லும் கி.பி. 866 என்ற கணக்கு எப்படி வந்தது?
- வாசகர், புதுக்கடை

பதில்: இரண்டுமே சரியில்லை. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கனின் செப்பேட்டைப் பாருங்கள். முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்று, விஷ்ணு கோயில் எடுத்து, 'காந்தளூர் மரியாதையால்' 95 சட்டர்க்குச் சாலை வைத்தான். சாலை என்பது இங்கே தங்கிப் படிக்கும் இடம், காந்தளூரிலும் அப்படி ஒன்று இருந்தது. மரியாதை என்பது ஒழுங்குமுறை. சட்டர் என்பவர் அங்கே தங்கிப் படித்தவர். சரணம் என்பது வேதம் ஓதும் பிரிவு. பவிழிய சரணத்தாருக்கு (ரிக்) 45, தைத்திரீயருக்கு (யஜுர்) 36, தலவகாரருக்கு (சாமம்) 14 என்று இடங்களைப் பிரித்திருக்கிறான். கூட்டிப் பாருங்கள், 95 வரும். சேர வேண்டுமானால் வியாகரணம் (இலக்கணம்) தெரிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் வியவகாரமும் (நடைமுறையும்) தெரிந்திருக்க வேண்டும். சோறு போட்டதும் உண்மைதான், ஆனால் சோற்றுக்காக இவ்வளவு தகுதி கேட்பார்களா? வேதம் ஓதும் பிராமணருக்கான உறைவிடப் பள்ளி என்பதே பொருத்தம். எல்லாருக்கும் திறந்திருந்த கல்விக்கூடம் என்று பெருமை பேசுவது தவறு.

இனி ஆண்டுக்கணக்கு. ஏட்டில் இருப்பது ஆண்டல்ல, கலியுக நாள், அதாவது கலி பிறந்ததிலிருந்து எண்ணிய நாள்கணக்கு: 14,49,087. இதை ஓர் ஆண்டின் நாள் அளவான 365.2587-ஆல் வகுத்தால் 3967 ஆண்டு முடிந்து ஏறக்குறைய 106 நாள் மிஞ்சும். 3967-இல் 3101-ஐக் கழித்தால் 866. மிச்ச நாளைச் சித்திரைப் பிறப்பிலிருந்து எண்ணினால் ஆடி மாதம். பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். வெறும் 365-ஆல் வகுத்தால் 3970 வந்து 869-இல் கொண்டு விடும். பின்னத்தை விட்டதன் விளைவு. கலி பிறந்தது கி.மு. 3102-இல் என்று அதையே கழித்தால் ஓராண்டு குறையும். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவே சுழியம் ஆண்டு கிடையாது, அதனால்தான் 3101.

கேள்வி: சிதறால் மலைக் கல்வெட்டில் வருவது மலைக்குறத்தியா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இல்லை அம்மா. அது 'குரத்தி', இடையின ரகரம். குரவர் ஆண் ஆசிரியர் என்றால், குரத்தி பெண் ஆசிரியர், சமணத் துறவி. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி பட்டாரர் என்ற சமண ஆசிரியரின் மாணாக்கி குணந்தாங்கி குரத்திகள், திருச்சாரணத்து (சிதறால் மலையின் பழைய பெயர்) பட்டாரியார் என்ற பெண் தெய்வத்துக்குப் பொன்னணி கொடுத்ததைச் சொல்கிறது அந்தக் கல்வெட்டு. படியெடுக்கும்போது ரகரத்தை றகரமாக்கிவிட்டால் ஒரு ஆசிரியையே காணாமல் போய்விடுவார்.