ஓட்டை கண்டுபிடிக்கும் கண்

அன்புள்ள ஐயா,

யார் எதைச் சொன்னாலும் அதில் உள்ள ஓட்டைதான் முதலில் என் கண்ணில் படுகிறது. உடனே சொல்லியும் விடுகிறேன். இப்போது நண்பர்கள் என் முன்னால் எதையும் பேசவே தயங்குகிறார்கள். விமர்சன சிந்தனை உள்ளவன் இப்படித் தனித்துப்போவது இயல்புதானா?

க.

அன்புள்ள க.,

பிறர் பேச்சில் ஓட்டையைக் காணும் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதை இழந்துவிடாதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. நீங்கள் உறுதியாக நம்பிக்கொண்டிருந்த ஒன்று தவறு என்று கடைசியாக உங்களுக்குத் தெரியவந்தது எப்போது? சட்டென்று ஞாபகம் வரவில்லை என்றால், அந்தக் கண் வெளிப்பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது.

1960-ல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. அது என்ன விதி என்று கண்டுபிடிக்க வேண்டும். நாமே மும்மூன்று எண்களாகச் சொல்லிப் பார்க்கலாம், பொருந்துகிறதா இல்லையா என்று அவர் சொல்வார். ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று மனத்தில் பட்டவுடன் 8, 10, 12 என்று கேட்கத் தோன்றும். பொருந்தும். 20, 22, 24. அதுவும் பொருந்தும். சரி, கண்டுபிடித்துவிட்டோம் என்று விதியைச் சொன்னால் தவறு என்பார். எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், விதி அவ்வளவுதான். 29 பேரில் 6 பேர்தான் முதல் தடவையே சரியாகச் சொன்னார்கள். 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தால் அந்த ‘இரண்டிரண்டு’ அப்போதே உடைந்திருக்கும். தன் எண்ணப்படி பொருந்தவே கூடாத ஒன்றைக் கேட்டுப் பார்க்க மனம் லேசில் வராது.

எனக்கும் வந்ததில்லை. ஒரு கட்டுரையில், என் வாதத்துக்கு வசதியாகக் கிடைத்த ஒரு புள்ளிவிவரத்தை அப்படியே சேர்த்துவிட்டேன். அதே எண் எனக்கு எதிராக இருந்திருந்தால் யார் எடுத்த கணக்கு, எப்படி எடுத்தார்கள் என்று அடிவரை தோண்டியிருப்பேன். ஒரு வாசகர் சுட்டிக்காட்டிய பிறகுதான் போய்ப் பார்த்தேன், தவறான எண். அன்றிலிருந்து, ஒரு தகவலைப் பார்த்து மனம் துள்ளினால் அங்கேயே நின்றுவிடுகிறேன். பிடிக்காத செய்தியை நாம் எப்படியும் சோதித்துவிடுவோம். பிடித்த செய்திக்குத்தான் காவல் தேவை.

சார்லஸ் டார்வின் இதற்கு ஒரு பழக்கமே வைத்திருந்தார். தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ எதிர்ப்பட்டால் உடனே குறித்துக்கொள்வார். சாதகமானவற்றைவிட அவை சீக்கிரம் மறந்துபோகின்றன என்பது அவருடைய அனுபவம். தன்வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். உங்களை நான் செய்யச் சொல்வதும் இதைத்தான். ஒரு சின்ன நோட்டுப் போதும்.

அப்புறம், நண்பர்கள் விஷயம். தனித்துப்போவது இயல்பு என்று நான் நினைக்கவில்லை. நம் தவறு நம் கண்ணுக்கு எளிதில் தெரியாது, அதைக் காட்ட அவர்கள் வேண்டும். அவர்கள் வாய் மூடிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். மறுப்பதற்கு முன், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்’ என்று அவர் சொல்லும்வரை மறுக்காதீர்கள். பல சமயம் நாம் கண்ட ஓட்டை அவர் சொல்லாத ஒன்றில் இருக்கும்.

சமீபத்தில் நீங்கள் அடித்துப் பேசிய ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் முழுக்க, அந்த நண்பர் சொன்னது சரியாக இருக்க என்னென்ன வழி உண்டு என்று மட்டும் தேடுங்கள். ஏதாவது கிடைத்தால் அதை அவரிடமே போய்ச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.