யாழ்ப்பாணத்தில அருவி வெட்டு (நெல் அறுவடை) முடியிற நேரம் பார்த்து ஏன் பனியும் குளிரும் வருது?

மார்கழி, தையில வடகிழக்கில இருந்து வாற வாடைக்காற்றும் விடியப்புறப் பனியும் சேர்ந்ததைத்தான் இங்க பனிக்காலம் எண்டுறது. அறுவடையால குளிர் வாறேல்ல, ரெண்டுக்கும் பின்னால நிக்கிறது ஒரே மழைதான்.

எங்கட குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்ல, அதால வானம் பார்த்துத்தான் நெல் விதைக்கிறது, புரட்டாசி ஐப்பசியில விதைச்சா ஐப்பசியில இருந்து மார்கழி வரை பெய்யிற மாரி மழையில பயிர் வளர்ந்து தை, மாசியில வெட்டுக்கு வந்திடும், தைப்பூசத்துக்குப் புதிர் (புது நெல்) எடுக்கிறதும் அந்தக் கணக்கிலதான்.

அதே தையில மழை விட்டு வானம் வெளிக்கும். பகல் முழுக்க நிலம் வாங்கின சூட்டை ராவில மேல போகாம மறிக்கிறது முகில், அது இல்லையெண்டா சூடு லேசா வெளியேறி விடியப்புறம் நிலம் நல்லாக் குளிர்ந்திடும். மழையில ஊறின மண்ணால காத்திலயும் ஈரம் கிடக்குது, அது குளிர்ந்த புல்லில, வைக்கலில பட்டவுடன தண்ணியாயிடும். ஐஸ் சோடாப் போத்தலை வெளிய வைச்சா வேர்க்கிறமாதிரித்தான்.

கனபேர் பனி மழைமாதிரி மேலயிருந்து கொட்டுது எண்டுதான் நினைக்கினம், ஆனா புல்லில நிக்கிற அந்தத் துளி வானத்தால விழுந்ததில்ல, பக்கத்துக் காத்தில இருந்த ஈரம் அந்த இடத்திலயே தண்ணியானது.