கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷினை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்கலாமா?

தயவுசெய்து சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதியிருப்பது இது: உயரம் 170 செ.மீ., எடை 53 கிலோ, எடை கூட்ட ஆசை, ஆனால் ஆன்லைனில் வாங்கிய மெஷின் உடம்பில் 24 சதவீதம் கொழுப்பு என்கிறது, அதனால் கூடுதலாகச் சாப்பிடுவதா குறைப்பதா என்று புரியவில்லை. ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. பெண் என்றால் 24 என்பது சாதாரண அளவு, அதைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். ஆண், முப்பதுக்குள் வயது, உட்கார்ந்து பார்க்கும் வேலை, வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒல்லியாக இருப்பவர் காசு கொடுத்து இந்த மெஷினை வாங்க மாட்டார்.

உங்கள் பிஎம்ஐ, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், 18.3. அது 18.5க்குக் கீழே போனாலே எடை குறைவு என்றுதான் கணக்கு. எடை குறைவான ஆள் ஒரு மெஷின் சொல்லிச் சாப்பாட்டைக் குறைப்பது என்ன நியாயம்?

நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். அதிரசம், மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை. "பலகாரக்காரனுக்கு இதில் என்ன வேலை" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே பதில் சொல்பவர்களில் பாதிப் பேரைவிட எனக்குத் தராசு தெரியும். என் கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை வாங்க வேண்டும், அது சட்டம். வாங்காவிட்டால் அபராதம். ஒரு கிலோ அதிரசத்தில் 40 கிராம் குறைந்தால் ஆச்சிமார் கடை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்பார்கள், அதிகாரி வரவே வேண்டாம். அந்த 40 கிராம் என்பது 4 சதவீதம். உங்கள் மெஷின் கொழுப்பு விஷயத்தில் அதைவிடக் கூடுதலாகப் பிசகலாம், அதற்கு எந்த முத்திரையும் கிடையாது. ஆனால் புள்ளி வைத்து 24.3 என்று காட்டும். அந்தப் புள்ளியைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நானும் ஒல்லிதான். நாற்பது வயது வரை 54 கிலோவைத் தாண்டியதில்லை. பலகாரக் கடைக்காரன் ஒல்லியாக இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? "என்னண்ணே, நீங்க சுடறதை நீங்களே சாப்பிடறதில்லையா" என்று கேட்காத ஆள் இல்லை. நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவனுக்குப் பசி எடுக்காது என்பது அடுப்பில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அந்த வாசனையே வயிற்றை நிரப்பிவிடும். பசிக்கிற நேரத்தில் ஒரு டீ குடித்தால் அதோடு சரி.

மச்சான் வற்புறுத்தி ஒரு ஜிம்முக்குக் கூட்டிப்போனார். பெயர் வேண்டாம். அங்கே கைப்பிடி வைத்த பெரிய மெஷின் ஒன்று, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு தாள் அடித்துக் கொடுக்கும். எனக்குக் கொழுப்பு 27 சதவீதம், தசை குறைவு, "மெட்டபாலிக் வயது", அதாவது உடம்பு எந்த வயதுக்காரர் உடம்பு மாதிரி இருக்கிறது என்று மெஷின் போடும் கணக்கு, 52 என்று வந்தது. அப்போது எனக்கு 41. அந்தப் பையன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அண்ணே, நீங்க ஸ்கின்னி ஃபேட், உடனே இந்தப் பவுடர் ஆரம்பிக்கணும்" என்று டப்பாவை எடுத்துவிட்டான். ஸ்கின்னி ஃபேட் என்றால் பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. "தம்பி, இந்த மெஷினுக்கு யார் சீல் போடுறா?" என்று கேட்டேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

எங்கள் ஊரில் சிக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார், மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டியதும், "இது நாங்க பேட்டரிக்குப் பார்க்கிற வேலைதான்டா. லேசா கரண்டை விட்டு, எவ்வளவு தடுக்குதுன்னு பார்க்கிறது. இதுக்குத் தடை தெரியும், கொழுப்பு எப்படித் தெரியும்?" என்றார்.

அதுதான் விஷயம். மெஷின் பாதத்தின் வழியாக நமக்குத் தெரியாத அளவு மெல்லிய மாறுமின்னோட்டத்தை விடுகிறது, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸில். தண்ணீர் உள்ள இடத்தில், அதாவது தசையிலும் ரத்தத்திலும், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அங்கே தடுக்கும். அந்தத் தடையை வைத்து உடம்பில் எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்கு, கொழுப்பில்லாத உடம்பில் சுமார் 73 சதவீதம் தண்ணீர் இருக்கும் என்ற ஊகத்தை வைத்து அதிலிருந்து இன்னொரு கணக்கு, எடையில் அதைக் கழித்தால் மிச்சம் கொழுப்பு. நடுவில் உங்கள் உயரம், வயது, ஆணா பெண்ணா எல்லாம் சமன்பாட்டுக்குள் போகிறது. அந்தச் சமன்பாடு யாரையெல்லாம் அளந்து எழுதப்பட்டதோ, அவர்களைப் போன்ற உடம்புக்குத்தான் நன்றாகப் பொருந்தும். காலை மட்டும் வைத்து நிற்கும் மெஷினில் மின்சாரம் ஒரு காலில் ஏறி அடிவயிற்றுப் பக்கம் வந்து அடுத்த காலில் இறங்கிவிடும். மேல் வயிறு, நெஞ்சு, கை எல்லாம் ஊகம்தான். கைப்பிடி உள்ளது அந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை.

நம்பாவிட்டால் வீட்டிலேயே செய்து பாருங்கள். மச்சானும் உங்களுடையதைப் போல ஒன்று வாங்கி வைத்திருந்தார், அதில் நான் விளையாடிப் பார்த்தேன். ஆப்பில் என் வயதை இருபது குறைத்துப் போட்டேன், அதே உடம்பு, அதே நிமிஷம், கொழுப்பு இறங்கிவிட்டது. பெண் என்று மாற்றினேன், ஏறியது. "அத்லெட்" என்பதைத் தட்டியதும் நான் ஒரே நொடியில் ஓட்டப்பந்தய வீரன் ஆகிவிட்டேன். காலையில் வறண்ட காலோடு ஏறினால் ஒன்று, குளித்துவிட்டு ஏறினால் இன்னொன்று. நாளெல்லாம் அடுப்படியில் நின்று காலில் நீர் கோத்துக்கொண்ட சாயங்காலத்தில் காலையைவிடக் குறைவாகக் காட்டியது. ஒரு செம்பு தண்ணீர் குடித்த உடனே ஏறினால், எடை கூடும், தடை அவ்வளவு சீக்கிரம் மாறாது, அதனால் குடித்த தண்ணீரையும் கொழுப்புப் பக்கம் தள்ளிவிடும். எடை மட்டும் சரியாக இருந்தது. கடையில் இருக்கும் முத்திரைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டும் ஏறிப் பார்த்தேன், அந்த எடை அப்படியே கூடியது. எடை அது அளப்பது, கொழுப்பு அது சொல்வது. இரண்டையும் ஒரே திரையில் ஒரே எழுத்தில் காட்டுவதுதான் வம்பு.

இதற்கு நடுவில் ஒன்று சொல்லியாக வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த மாதிரி மெஷினில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் பெரியவர்களைச் சும்மா ஏற்றிப் பார்க்காதீர்கள்.

உடற்கல்வி படித்த நண்பர் ஒருவர் இடுக்கி மாதிரி ஒரு கருவியால் தோலை மடித்துப் பிடித்து அளந்தார். கைத்தசையின் முன்னும் பின்னும், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே, மொத்தம் நாலு இடம். 1974இல் டர்னின், வொமர்ஸ்லி என்ற இருவர் போட்ட அட்டவணையைப் பார்த்து 21 என்றார். "இதுவும் மூணு நாலு பிசகும்ணே, வேற ஆள் பிடிச்சா வேற வரும்" என்று அவரே சொன்னார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த எண்மேல் மரியாதை வந்தது. டெக்ஸா என்று இரண்டு வித எக்ஸ்ரே வைத்து எடுப்பது இதையெல்லாம்விட மேல், எலும்பு அடர்த்தி பார்ப்பதும் அதில்தான். அதிலும் மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் உண்டு. உங்களுக்கு அது தேவையில்லை. 53 கிலோ ஆள் அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

சரி, உடனே ஒருவர் வருவார், "இந்தியர்கள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம், நீ தவறாக வழிகாட்டுகிறாய்" என்று. தெரியும் ஐயா. 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. புனேயின் டாக்டர் யாஜ்னிக், லண்டனின் டாக்டர் யூட்கின், இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பக்கத்தில் பக்கத்தில் நின்ற போட்டோவோடு போட்டிருந்தார்கள். ஆகவே உங்களுக்கு 24 என்பது முழுப் பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. 20 ஆகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தசையாக ஏறும்படி எடை கூட்டுவது. கொழுப்பு எங்கே ஏறுகிறது என்று பார்க்க டெய்லரிடம் இருக்கிற டேப் போதும். நம் ஊர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால்தான் யோசிக்க வேண்டும்.

நான் எப்படி ஏற்றினேன் என்றால், முதலில் டாக்டரிடம் போய்த் தைராய்டு, சர்க்கரை பார்த்தேன். காரணம் இல்லாமல் இளைப்பவர்கள், சாயங்காலக் காய்ச்சலும் விடாத இருமலும் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது, காச நோயையும் பார்த்துவிட வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை. அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னால் டீயை நிறுத்தினேன். நம்புங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போனது. அடுப்படியை விட்டு வெளியே போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். காலையில் இட்லியோடு இரண்டு முட்டை, பதினொரு மணிக்கு ஒரு கை அவித்த வேர்க்கடலை, ராத்திரி பால், வாழைப்பழம். ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி. அப்பத்தா இருந்தவரை கும்மாயம் கிண்டித் தருவார், உளுந்து, பாசிப்பருப்பு, அரிசி வறுத்து அரைத்த மாவில் கருப்பட்டியும் நெய்யும் ஊற்றி. இப்போது வீட்டில் எப்போதாவதுதான். அதைத் தினமும் சாப்பிடச் சொல்லமாட்டேன், கருப்பட்டியும் சர்க்கரைதான்.

கணக்கு வேண்டுமென்றால், இப்போது சாப்பிடுவதைவிட ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி கூடுதல். 100 கிராம் காய்ந்த வேர்க்கடலையிலேயே (அவித்ததில் தண்ணீர் சேர்வதால் குறையும்) 560 சொச்சம் இருக்கிறது, அதில் 25 கிராம் புரதம். புரதம், சாதாரணமாக இருப்பவருக்கு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சொல்வது ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். பளு தூக்கித் தசை ஏற்ற நினைப்பவருக்கு 1.6 வரை என்கிறார்கள். உங்களுக்கு அது 85 கிராம். முட்டை, பால், பருப்பு, கடலை, மீன் என்று சேர்த்தால் பவுடர் இல்லாமலே வந்துவிடும். பவுடர் விஷம் என்று நான் சொல்லவில்லை, ஜிம்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தேவையா என்பதுதான் கேள்வி. பளு தூக்காமல் வெறுமனே சாப்பிட்டால் மெஷின் சொன்ன 24 நிஜமாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் அந்த உடற்கல்வி நண்பரிடம்தான் கற்றுக்கொண்டேன், ஸ்குவாட், தண்டால், டம்பெல். வாரத்துக்குக் கால் கிலோ ஏறினாலே நல்ல வேகம். எனக்கு அதைவிட மெதுவாக, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி 61 வந்தது. இடுப்பு 2 செ.மீ.தான் கூடியது, சட்டை தோள்பட்டையில் பிடித்தது.

இதில் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் விட முடியவில்லை. இன்னொரு பதிலில் ஒருவர் "தினமும் செட்டிநாட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள், எடை தானாக ஏறும்" என்று எழுதியிருக்கிறார். எந்த செட்டிநாட்டுச் சாப்பாடு? செக்கச்செவேல் என்று கலர் போட்டு, மிளகாயை அள்ளிக் கொட்டி, மேலே இரண்டு கறிவேப்பிலையைப் போட்டு ஹோட்டலில் தருகிறார்களே, அதுவா? எங்கள் வீடுகளில் அன்றாடம் இட்லி, பருப்பு, ரசம், காய்கறி மண்டி, கீரை. காரம் மிளகிலும் வரும், எல்லாவற்றிலும் மிளகாய் இல்லை. பலகாரத்திலும் இதே கதை. எங்கேயோ பாமாயிலில் போட்ட முறுக்கை "ஒரிஜினல் செட்டிநாடு ஆச்சி கைமுறுக்கு" என்று பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். 250 கிராம் என்று போட்டதை வாங்கி என் தராசில் வைத்தேன், கவரோடு சேர்த்து 232. அவர்களை யாரும் கேட்கவில்லை. என்னிடம் வந்து, "ஆன்லைன்ல விலை கம்மியா இருக்கேண்ணே" என்கிறார்கள்.

உங்கள் மெஷினுக்கு வருவோம். தூக்கிப் போட வேண்டாம், எடை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பாய், கார்பெட் மேல் வைக்காமல் சமமான தரையில் வையுங்கள். வாரத்தில் ஒரே கிழமை, காலையில் பாத்ரூம் போய்விட்டு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் ஏறுங்கள். கொழுப்பு எண்ணைப் பார்த்தே தீருவேன் என்றால், மாசக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள், நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடாதீர்கள். இன்னொன்று, சில மெஷின்கள் போன தடவை காட்டிய எடையை ஞாபகம் வைத்துக்கொண்டு, வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். அதைக் கண்டுபிடிக்க, முதலில் கையில் ஒரு அரிசிப் பையோடு ஏறி இறங்குங்கள், பிறகு வெறுங்கையோடு ஏறுங்கள். என்ன வருகிறது என்று கமெண்டில் போடுங்கள், மச்சான் மெஷினோடு ஒத்துப் பார்க்கிறேன்.