ரெக்கார்டு வேட்டை: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

"பழைய ரெக்கார்டு, அதாவது இசைத்தட்டு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று போன வாரம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். நான் வியாபாரி இல்லை. இருபத்தைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைத் தூசிக்குள் கழித்தவன், அதற்காக வீட்டில் நன்றாகத் திட்டு வாங்கியவன். அவ்வளவுதான் தகுதி.

ஆவடியிலிருந்து ஒருவர்: அண்ணா, மூர் மார்க்கெட் இன்னும் இருக்கிறதா? சென்னையில் ரெக்கார்டு தேட எங்கே போவது?

செங்கல் வளைவுகளோடு இருந்த பழைய மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் இப்போது புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. கடைகள் பக்கத்திலேயே, ரிப்பன் மாளிகையை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய்விட்டன. ஜனங்கள் அதையும் மூர் மார்க்கெட் என்றே சொல்கிறார்கள். பழைய புத்தகம், ரெக்கார்டு, வால்வு ரேடியோ என்று சுற்றிப் பார்க்க நல்ல இடம். ஒருமுறையாவது போய் வாருங்கள்.

ஆனால் அங்கே அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். கடைக்காரர் கையிலும் போன் இருக்கிறது; வெளிநாட்டில் என்ன விலை என்று உங்களுக்கு முன்னால் பார்த்து வைத்திருப்பார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவும் அப்படித்தான். கண்ணுக்கு விருந்து, பர்சுக்கு வேட்டு. பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சில நாள் அதிர்ஷ்டம் அடிக்கும்.

எனக்குக் கிடைத்த நல்ல தட்டுகளில் பாதிக்கு மேல் காயலான் கடையிலிருந்தும் பழைய பேப்பர்காரரிடமிருந்தும் வந்தவை. வீடு காலி பண்ணுகிறவர்கள் எடைக்குப் போடும்போது ரெக்கார்டும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து போய்விடும். உங்கள் தெருவுக்கு வரும் பேப்பர்காரரிடம் நம்பரைக் கொடுத்து, "ரெக்கார்டு வந்தால் எடையில போடாதீங்க, தட்டுக்கு இவ்வளவு தர்றேன்" என்று சொல்லி வையுங்கள். முதல் தடவை அவர் கொண்டு வருவது எல்லாம் குப்பையாக இருந்தாலும் நாலு தட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் இரண்டாம் தடவை போன் வரும்.

சேலத்துக்காரர்: பிளேயர் இல்லாத இடத்தில் தட்டு நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்?

டார்ச்சும் ஒரு சின்ன மென்துணியும் எடுத்துப் போங்கள். உறையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உறை புதுசு மாதிரி இருந்து உள்ளே வேறு படத்துத் தட்டு இருந்த கதை எனக்கு மூன்று தடவை நடந்திருக்கிறது.

தட்டை விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் பிடித்து, கண்ணுக்கு நேராகக் கிடைமட்டமாக வைத்துச் சுற்றுங்கள். அலை மாதிரி ஏறி இறங்கினால் வெயிலில் வளைந்தது. நடைபாதையில் மதியம் வரை கிடந்த தட்டு அப்படித்தான் ஆகும். பிறகு டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மயிரிழை போன்ற கோடுகள் பெரும்பாலும் உறையில் உரசியவை. சத்தத்தில் அவ்வளவு தெரியாது. குறுக்காக ஓடும் கீறலை நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். நகம் இடறினால் முள்ளும் இடறும். எல்.பி.யில் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் பெரிய தட்டு) ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. பாட்டு முழுக்க அந்த இடைவெளியில் டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

கீறலைவிட மோசமானது தேய்மானம். புதுத் தட்டு கருகருவென்று மின்னும். தேய்ந்த தட்டில் பாட்டு உச்சத்துக்குப் போகும் இடங்களில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அழுக்கு என்று நினைத்து வாங்கிக் கழுவுவீர்கள், சாம்பல் போகாது. லேபிள் நடு ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள். பிளேயர் கம்பியில் மாட்ட ஓட்டையைத் தடவித் தடவிப் போட்ட கோடுகள் சிலந்தி வலை மாதிரி இருந்தால், அந்தத் தட்டு நூற்றுக்கணக்கான முறை ஓடியிருக்கிறது. விற்பவர் "ஒரே ஒரு தடவை போட்டது சார்" என்பார். வலை பொய் சொல்லாது.

மதுரையிலிருந்து: எங்கள் ஊர் மைக்செட்காரர் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய 45 தட்டு (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டு) மொத்தமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா அண்ணே?

பெட்டியைத் திறந்து பத்துத் தட்டை மேலே, நடுவே, அடியே என்று உருவிப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை என்று விடிய விடிய ஓடிய தட்டுகள் அவை. கனமான பிளேயர் கை, மாற்றாத முள், பந்தல் தூசி. பாதிக்கு மேல் காது கொடுத்துக் கேட்க முடியாது. லேபிள் மேல் வெள்ளை பெயிண்டில் "இன்னார் சவுண்ட் சர்வீஸ்" என்றும் ஊர் பெயரும் எழுதியிருப்பார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

ஒருமுறை அப்படி ஒரு பெட்டியில் ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் குறிப்பு இருந்தது: "பொண்ணு அழைப்பு", "தாலி கட்டியதும்", "பந்தி", "கடைசி". எந்தப் பாட்டை எப்போது போட வேண்டும் என்று அந்த மனுஷர் தனக்காக எழுதி வைத்த அட்டவணை. "பந்தி" என்று எழுதிய தட்டுகள்தான் மிக மோசமாகத் தேய்ந்திருந்தன. ஜனம் சாப்பிட்டு முடிக்கும் வரை அதையே திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார்! பெட்டியோடு வாங்கினேன். பாதியைக் கேட்கவே முடியாது, ஆனாலும் பிரிக்கவில்லை.

உங்கள் விஷயத்தில், தட்டுக்கு இவ்வளவு என்று பேசாமல் பெட்டிக்கு ஒரு விலை பேசுங்கள். பத்துக்கு மூன்று தேறினால் நியாயமான வியாபாரம். பக்திப் பாட்டுத் தட்டுகளைத் தனியாகப் பாருங்கள். மார்கழியில் கோவில் கூம்பு ஒலிபெருக்கியில் ஓடியதாக இருந்தால் தொட வேண்டாம்.

விழுப்புரம்: பேரம் எப்படிப் பேசுவது?

பிடித்த தட்டை முதலில் எடுக்காதீர்கள். நாலைந்து எடுத்து, சேர்த்து விலை கேளுங்கள். "கட்டுப்படி ஆகாது" என்றால் ஒன்றைத் திருப்பி வையுங்கள். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். பாதி விலைக்குக் கேட்டு அவமானப்படுத்த வேண்டாம். அடுத்த வாரமும் அதே ஆளிடம்தான் போகப் போகிறோம்.

கோயம்புத்தூர் வாசகி: பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் ஒன்று, செட்டிநாட்டு வீட்டில் இருந்தது என்று விலை சொல்கிறார்கள். நாய் படம் போட்ட பட்டயமும் இருக்கிறது. அசலா சார்?

போட்டோ பார்த்தேன் அம்மா. அசல் இல்லை என்றே சொல்வேன். வெளியே குழாய் வைத்த பெட்டிகளின் காலம் 1920களிலேயே மங்கத் தொடங்கிவிட்டது. நம் ஊர் வீடுகளில் அதிகம் இருந்தது சூட்கேஸ் மாதிரி மூடுகிற போர்ட்டபிள் பெட்டிதான். குழாய் உள்ளேயே மறைந்திருக்கும். அலங்காரத்துக்காக இப்போது செய்து விற்கிற பெட்டிகள் நாடெங்கும் கிடைக்கின்றன. பழைய போர்ட்டபிளின் மோட்டாரைக் கழற்றி, புது மரப்பெட்டியில் போட்டு, மெல்லிய பித்தளைக் குழாயை மாட்டிவிடுவார்கள்.

நீங்களே சோதிக்கலாம். பித்தளை முழுக்க ஒரே மாதிரி பளபளப்பு, பட்டயம் புத்தம் புதுசு, குழாயை லேசாக அசைத்தால் அதைத் தாங்கும் பிடிப்பே ஆடுகிறது, பெட்டிக்குள்ளே மரம் பச்சையாக மணக்கிறது. இதில் இரண்டு இருந்தாலே போதும். கடைசிச் சோதனை: முழுக்கச் சாவி கொடுத்து ஒரு 78 தட்டை (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) ஓட விடுங்கள். ஒரு பக்கம் மூன்று நிமிடத்துச் சொச்சம். கடைசி வரை சுருதி இறங்காமல் பாட வேண்டும். பாதியில் பாடகர் தூங்கி வழிந்தால் ஸ்பிரிங் போச்சு.

கூடத்தில் அழகுக்கு வைக்க என்றால் அந்த விலைக்கு வாங்குங்கள், தப்பில்லை. பாட்டுக் கேட்க என்றால் அந்த நாய் முத்திரைக் கம்பெனியான எச்.எம்.வி.யின் 102 போர்ட்டபிள் தேடுங்கள். 1931இல் வந்த மாடல், இன்னமும் ஓடுகிறது. எஃகு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். அதனால்தான் முள் டப்பாவில் இருநூறு இருநூறாக வந்தது. முக்கியமாக, எல்.பி.யை அதில் வைத்துவிடாதீர்கள். அதில் முள்ளைப் பிடித்திருக்கும் தலைப்பகுதியான சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். நல்ல எலெக்ட்ரிக் பிளேயரின் முள் இரண்டு கிராம் அளவில்தான் அழுத்துகிறது. அந்தச் சவுண்ட் பாக்ஸ் ஒரே ஓட்டத்தில் எல்.பி.யை உழுதுவிடும்.

பல பேர்: எப்படிக் கழுவுவது?

முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள். எல்.பி., 45 எல்லாம் வினைல், லேசாக வளையும். 78 பெரும்பாலும் அரக்குத் தட்டு. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் அப்பளம்.

வினைலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு, மென்மையான பிரஷ். முள் ஓடும் பள்ளம் போகும் திசையில் வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. நிழலில் நிற்க வைத்துக் காய விடுங்கள். வெள்ளைப் புள்ளியாகப் பூத்திருக்கும் பூஞ்சை இதிலேயே பெரும்பாலும் போய்விடும். பிடிவாதமான அழுக்குக்குக் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம்.

78க்கு மட்டும் ஸ்பிரிட் கூடவே கூடாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஆரம்ப காலத்தில் ஒரு நாடகப் பாட்டுத் தட்டு கிடைத்தது. எண்ணெய்ப் பிசுக்கு. மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். பஞ்சு கருப்பாக வந்தது. "அடேயப்பா, எவ்வளவு அழுக்கு!" என்று சந்தோஷமாக இன்னும் தேய்த்தேன். வந்தது அழுக்கு இல்லை, தட்டு. ஆசாரி பிரெஞ்சு பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே. அது அப்போது உறைக்கவில்லை. அந்தத் தட்டு இப்போதும் அலமாரியில் இருக்கிறது, நடுவில் ஒரு வழுக்கையோடு.

துபாயிலிருந்து: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் பழைய டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) தருகிறேன் என்கிறார். சென்னைக்குக் கொண்டு போனால் ஓடுமா?

110 வோல்ட் என்றால் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாமல் மாட்டுவது இன்னொன்றில்: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்துச் சுற்றுகிற மோட்டாராக இருந்தால் 33⅓ சுற்றுக்குப் பதில் 28க்கும் குறைவாகத்தான் சுற்றும். சுசீலா குரல் சௌந்தரராஜன் குரலாகிவிடும். டிரான்ஸ்பார்மர் இதைச் சரி செய்யாது. வேறு அளவு கப்பி போட வேண்டும். குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டைரக்ட் டிரைவ் (மோட்டாரே தட்டை நேராகச் சுற்றுவது) என்றால் இந்தத் தொல்லை இல்லை. பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பழைய மோனோ (ஒற்றை ஒலி) பிளேயரில் ஸ்டீரியோ (இரட்டை ஒலி) தட்டைப் போடாதீர்கள். ஸ்டீரியோ பள்ளம் மேலும் கீழும்கூட அசையும். பழைய மோனோ முள் அதற்கு வளைந்து கொடுக்காது, செதுக்கிவிடும். மோனோ தட்டை ஸ்டீரியோ பிளேயரில் போடலாம், அதில் பயம் இல்லை.

ஈரோடு: எந்தத் தட்டு உண்மையில் விலை போகும்? பழசு என்றால் விலை அதிகமா?

இல்லை. லட்சக்கணக்கில் விற்ற தட்டு நூறு வயதானாலும் சும்மா கிடைக்கும். குறைவாக வந்து, நிறையப் பேர் தேடுவதுதான் விலை. எண்பதுகளில் எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜா எல்.பி.கள் நல்ல நிலையில் இருந்தால் விற்பவர் சொல்வதுதான் விலை. அவற்றைத் தேடுகிறவர்களில் பாதிப் பேர் அந்த வருடங்களுக்குப் பிறகு பிறந்தவர்கள். சினிமாக் கதை வசனத் தட்டுகள் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். சிவாஜி வசனம் மனப்பாடமாகத் தெரிந்த வீடுகளில் தேய்த்தே விட்டிருப்பார்கள்.

விசித்திரமான ஒன்று சொல்கிறேன். உலகமே 78ஐக் கைவிட்ட பிறகும் 1960களின் நடுவில் இந்தியாவில் அது வந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாத ஊர்களில் சாவி கொடுக்கும் பெட்டிதானே. அதனால் பீட்டில்ஸ் பாட்டுகளும் இங்கே 78இல் வந்தன, பார்லபோன் லேபிளில். இன்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். தமிழ்ப் பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே ஆங்கில எழுத்தோடு ஒன்று தட்டுப்பட்டால் சும்மா தள்ளிவிடாதீர்கள்.

தஞ்சாவூர்: தாத்தா வைத்திருந்த நாற்பது 78 தட்டுகள், நிறைய நாகஸ்வரம். ஒரு வியாபாரி மொத்தமாகக் கேட்கிறார். ஒன்றில் விரிசல் இருக்கிறது.

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: லேபிள், நம்பர், பெயர், ராகம். கம்பெனி பெயரில் "ஆஃப் இந்தியா" என்று இருந்தால் 1946க்குப் பிந்தியது. ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் வெறுமையாக இருந்தால் அது இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுத் தட்டாக இருக்கலாம். அதை யாரிடமும் கொடுக்காதீர்கள். மேளக்காரர்கள் மணிக்கணக்கில் வாசித்த தோடி ராகத்தை மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் சுருக்கிக் கொடுத்த தட்டுகள் இவை. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை பெயர் பார்த்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பி வையுங்கள், ஆசைக்குத்தான்.

பட்டியல் தயாரானதும் வியாபாரியிடம் காட்டுங்கள். அவர் எதைப் பார்த்ததும் கண் நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். விற்பதானாலும் 78க்கு உரிய அகல முள் வைத்திருப்பவரிடம் கொடுத்து முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்.பி. முள் பள்ளத்தின் அடியில் கிடந்து தூசியைத்தான் பாடும். விரிசல் விட்டதை இப்போது ஓட்டாதீர்கள், கோந்தும் போடாதீர்கள். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மேலே எதையும் அடுக்காமல் தனியே வையுங்கள். மற்ற முப்பத்தொன்பதையும் புத்தகம் மாதிரி நிற்க வைத்துவிடுங்கள்.