அசாப்போவை ஸ்டீவ் பீகோ தொடங்கினாரா?

இல்லை, தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த கறுப்பு உணர்வு இயக்கத்தின் தலைவரான பீகோ அதைத் தொடங்கவில்லை. அவர் போலீஸ் காவலில் இறந்தது 1977 செப்டம்பர் 12. அசானிய மக்கள் அமைப்பு, அதாவது அசாப்போ, உருவானது 1978 ஏப்ரலில். உங்கள் கட்டுரையில் பீகோ தொடங்கினார் என்ற வரி இருந்தால் தயங்காமல் நீக்குங்கள்.

குழப்பம் பெரும்பாலும் 1972இல் தொடங்கிய கறுப்பின மக்கள் மாநாட்டால் வந்திருக்கும். பீகோவை கௌரவத் தலைவராக ஏற்றது அந்த அமைப்புதான். 1977 அக்டோபர் 19 அன்று அரசு அதையும் சேர்த்து கறுப்பு உணர்வு அமைப்புகளை ஒரேயடியாகத் தடைசெய்தது. அந்த வெற்றிடத்தில் பிறந்ததுதான் அசாப்போ. பீகோ இறப்பதற்குச் சற்று முன் போலீஸார் அவரை நிர்வாணமாக, விலங்கிட்டு, லேண்ட் ரோவரின் பின்புறத்தில் கிடத்தி, போர்ட் எலிசபெத்திலிருந்து பிரிட்டோரியாவுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனார்கள். அது நடந்து எட்டு மாதம்கூட ஆகாத நிலையில் ஒரு புதிய அமைப்பைக் கூட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதை அவசியம் எழுதுங்கள்.

உங்கள் மற்ற ஆதாரங்களையும் சோதிக்க ஒரு வழி: அக்டோபர் 19 தடைக்கு முந்தைய நிகழ்வு எதிலாவது அசாப்போவின் பெயர் வந்தால், அது பிழை.

ஆனால் அசாப்போ தொடங்கிய ஆண்டை 1979 என்று போட்டிருந்தால் உடனே தவறென்று தள்ளிவிடாதீர்கள். தொடங்கிய சில வாரங்களிலேயே தலைவர்களைக் கைது செய்துவிட்டதால், முறையான மாநாடு 1979இல்தான் கூடியது.

இன்னொன்று: இந்த இயக்கம் சொல்லும் ‘கறுப்பர்’ என்பதை ஆப்பிரிக்கர் என்று மட்டும் சுருக்காதீர்கள். ஒடுக்கப்பட்ட இந்திய வம்சாவளியினரும் அதில் அடக்கம். அந்த வம்சாவளியைச் சேர்ந்த ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் இருவரும் இந்த இயக்கத்துக்காக ராபன் தீவில் சிறையிருந்தவர்கள்.