ஸ்லிப்வேயில் புதியவருக்குக் கை கொடுப்பது எப்படி? – கேள்வி பதில்

ஈஸ்டர் விடுமுறை வருகிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து நம்மவர்களில் பாதிப் பேர் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவில் இருப்பார்கள், மீதிப் பேர் மிட்மார் அணையில். அணைக்குப் போகிறவர்களில் பலர் இப்போதுதான் முதல் படகு வாங்கியவர்கள். அவர்களுக்கு உதவ நினைப்பவர்களும், படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவுத்தளமான ஸ்லிப்வேயில் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று பல்லைக் கடிப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. டர்பன் கரையிலும் உம்கேனி ஆற்று அணைகளிலும் நான் பார்த்துப் பழகியதை வைத்துப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, இனாண்டா அணையில் ஒருவர் படகு ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் விடத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியும், போய்யா" என்று எரிந்து விழுந்தார். நான் செய்தது தப்பா?

போனது தப்பில்லை தம்பி. நான்காவது குரலாகப் போனதுதான் சிக்கல். தேர் இழுக்கும்போது நூறு பேர் வடம் பிடித்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவர் சொல்வதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். ஸ்லிப்வேயிலும் அப்படி ஒருவர்தான் பேச வேண்டும்.

புதியவருக்கு டிரெய்லரை விடப் பெரிய தொல்லை, தன்னை நாற்பது கண்கள் பார்க்கின்றன என்பது. அந்தப் பதற்றத்தில் ஸ்டீயரிங்கை இன்னும் அதிகமாக ஒடிப்பார், டிரெய்லர் இன்னும் மடங்கும். அதனால் முதலில் டிரெய்லர் பக்கம் போகாதீர்கள். ஓட்டுநரின் ஜன்னலருகே போய், மற்றவர் காதில் விழாதபடி, "நானும் வரிசையில்தான் நிற்கிறேன், அவசரமில்லை, மெதுவா விடுங்க. ஒரு கை வேணுமா?" என்று கேளுங்கள். வேண்டும் என்றால், கயிறு பிடிக்கவா, பின்னால் பார்க்கவா என்று அவரையே சொல்ல விடுங்கள். வேண்டாம் என்றால் விலகி நில்லுங்கள். முடிந்தால் அந்த மூன்று பேரிடமும் ஏதாவது பேச்சுக் கொடுத்து நகர்த்திக்கொண்டு போங்கள். என் கணக்கில் அதுவும் உதவிதான், பல நேரம் அதுதான் பெரிய உதவி.

டோங்காட்டிலிருந்து: சரி, உதவி வேண்டும் என்று சொல்லிவிட்டார். பின்னால் விடுவதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அந்த இடத்தில் பாடம் நடத்த முடியாது. ஒரே ஒரு விஷயம் சொல்லலாம். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கை வைக்கச் சொல்லுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். கொஞ்சம் நகர்த்த வேண்டும், டிரெய்லர் திரும்ப ஆரம்பித்ததும் நேராக்கிவிட வேண்டும். மடங்க ஆரம்பித்தால் பின்னாலேயே விட்டுச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. இரண்டு வண்டி நீளம் முன்னால் போய், நேராக்கி, மறுபடி வரட்டும். சின்ன டிரெய்லர் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீளம் குறைந்த டிரெய்லர்தான் சட்டென்று மடங்கும்.

சைகை காட்டுகிறவர் ஓட்டுநர் பக்கம், அதாவது நம் ஊர் வண்டிகளுக்கு வலது பக்கம், அவருடைய கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. "லெஃப்ட், ரைட்" என்று கத்தாதீர்கள். யாருடைய லெஃப்ட்? பின்பக்கம் எங்கே போக வேண்டுமோ அங்கே கையை நீட்டுங்கள். நிறுத்த, இரண்டு உள்ளங்கையையும் உயர்த்துங்கள். இதை வண்டி நகரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், டிரெய்லருக்கு நேர் பின்னால் மட்டும் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் கண்டிப்பாகக் கூடாது.

பீனிக்ஸிலிருந்து ஒரு சகோதரி: ஒவ்வொரு முறையும் ஸ்லிப்வேயில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை. அவர் பக்கியில் (டிரெய்லரை இழுக்கும் பிக்அப் வண்டியில்) உட்கார்ந்துகொண்டு கத்துகிறார். நான் இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். காற்றடித்தால் என்னால் பிடிக்க முடியவில்லை.

வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் அக்கா. பக்கி ஓட்டப் பலம் தேவையில்லை, பழக்கம்தான் தேவை. ஞாயிறு காலையில் கடைகள் திறக்கும் முன், காலியாக இருக்கும் ஒரு கார் நிறுத்துமிடத்தில் இரண்டு தண்ணீர்க் குடங்களை வைத்து, அவற்றுக்கு நடுவில் டிரெய்லரைப் பின்னால் விட்டுப் பாருங்கள். கை படிந்துவிடும். காற்றில் படகைச் சமாளிக்கிற வேலையை அவர் பார்க்கட்டும்.

யார் செய்தாலும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் படகைப் பிடிப்பது சரியில்லை. முன்னால் ஒரு நீளக் கயிறு, பின்னால் ஒன்று கட்டிக்கொண்டு ஜெட்டியில் (படகுத்துறை மேடையில்) நின்றே பிடிக்கலாம். டர்பனில் கோடைக்கால மதியங்களில் வடகிழக்குக் காற்று ஏறிவிடும், காலையில் சாதுவாக இருந்த படகு திரும்பும்போது பக்கவாட்டில் இழுக்கும். காற்று வருகிற பக்கத்திலிருந்து கயிற்றைப் பிடித்தால் பாதிச் சண்டை குறையும். மீதிக்கு என்னிடம் மருந்தில்லை.

மெரிபேங்கிலிருந்து: எங்கள் கண் முன்னாலேயே ஒரு படகு டிரெய்லரிலிருந்து நழுவிக் கான்கிரீட்டில் விழுந்தது. ஏன் அப்படி ஆகிறது? பார்த்துக்கொண்டு நின்றவர்கள் தடுத்திருக்க முடியுமா?

முடியும். புதியவர்கள் வரிசையில் நிற்கும்போதே, நேரம் மிச்சம் என்று நினைத்து, படகின் பின்பக்கத்தை டிரெய்லரோடு கட்டும் பின்பட்டையையும், படகை இழுத்துப் பிடிக்கும் கைச்சுற்றியான வின்ச்சின் கொக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் மொத்தமாகக் கழற்றிவிடுகிறார்கள். சமதரையில் ஒன்றும் ஆகாது. சரிவில் இறங்கியதும், அதுவும் உருளைகள் மேல் படகு உட்காரும் ரோலர் டிரெய்லராக இருந்தால், படகு தானாக உருண்டு போய்விடும். ஒரு பிரேக் அழுத்தினால் போதும்.

பின்பட்டையை மேலேயே கழற்றலாம். வின்ச் கொக்கியும் சங்கிலியும் படகின் பின்பக்கம் தண்ணீரைத் தொடும்வரை இருக்கட்டும். வரிசையில் நடந்துபோகும்போது ஒரு படகின் முன்பக்கம் சங்கிலி தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள், இதில் கூச்சம் வேண்டாம்.

வின்ச் பற்றி இன்னொன்று. பல்சக்கரத் தடையை எடுத்துவிட்டுக் கைப்பிடியை விட்டால் அது விசிறி வேகத்தில் சுழலும். மணிக்கட்டு உடைய ஒரு சுற்று போதும். படகை ஏற்றும்போது பட்டையின் நேர்க்கோட்டில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வின்ச் பட்டை அறுவதற்கு முன்னால் கொக்கிக்குப் பக்கத்தில் ஓரத்து நூல் பிசிறடித்து, வெயிலில் வெளுத்து, தொட்டால் காய்ந்த வாழைநார் போல மொரமொரவென்று இருக்கும். உதவப் போகிறவர் அந்த இடத்தை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

பீனிக்ஸ், வெருலம், இன்னும் சிலர்: படகை இறக்கிய பிறகு எஞ்சின் கிளம்பவில்லை, பின்னால் பத்து வண்டி நிற்கிறது. என்ன செய்வது?

முதலில் படகைக் கயிறால் ஜெட்டியின் கடைசிக்கு இழுத்துக் கட்டி வழிவிடச் சொல்லுங்கள். பிறகு பாருங்கள்: கில் ஸ்விட்ச் (அவசரத்தில் எஞ்சினை அணைக்கும் ஸ்விட்ச்) கயிறு மாட்டியிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பேட்டரி ஸ்விட்ச் போட்டிருக்கிறதா, பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பந்தை அமுக்கினால் கெட்டியாகிறதா. புதியவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான். கிளம்பியதும் எஞ்சினின் பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். முந்தின நாள் வீட்டில் குழாய்த் தண்ணீர் இணைத்து ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு நிமிஷம்" ஓட்டிப் பார்ப்பதுதான் பம்பின் ரப்பர் இறக்கையைத் தின்றுவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: பங் (படகின் அடித்துளையை அடைக்கும் அடைப்பான்) போட மறந்துவிட்டார் என்று தெரிகிறது, படகு பின்பக்கம் தாழ்கிறது. கத்தலாமா?

இதற்குக் கத்தலாம். டிரெய்லர் இன்னும் தண்ணீரில் இருந்தால் படகை அதன் மேலேயே இழுத்து, மெதுவாக மேலே கொண்டுவந்து, அந்தத் துளை வழியாகவே தண்ணீரை வடிய விடுங்கள். உள்ளே தண்ணீர் நிறைந்த படகு டிரெய்லர் தாங்குவதைவிட அதிகமாகக் கனக்கலாம், வேகமாக இழுத்தால் அச்சு ஒடியும். பங்கை எஞ்சின் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

லெனேஷியாவிலிருந்து: நாங்கள் வால் அணைக்குப் போகிறோம். போன முறை ஒருவரின் பக்கி பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே தண்ணீருக்குள் போனது. நான்கு பேர் பிடித்து நிறுத்தப் பார்த்தோம்.

ஐயா, தயவுசெய்து இனி பிடிக்காதீர்கள். இரண்டு டன் வண்டியை நான்கு பேர் நிறுத்த முடியாது, நான்கு பேரும் அடியில் போகலாம்.

ஸ்லிப்வேயில் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் பச்சைப்பாசி படிந்திருக்கும். அது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். டிரெய்லர் சக்கரம் பாசியில் போகலாம், பக்கியின் பின்சக்கரம் போகக் கூடாது. ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான், அந்தச் சக்கரமே பாசியில் நின்றால் பிரேக் இருந்தும் பயனில்லை. உதவ விரும்புகிறவர் ஒரு ஜோடி முட்டுக்கட்டை கொண்டுபோகலாம். பின்சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் வையுங்கள். கட்டையில் ஒரு கயிறு கட்டி அதைப் பக்கியின் இழுவைக் கொக்கியில் மாட்டிவிட்டால், வண்டி மேலே ஏறும்போது கட்டையும் பின்னாலேயே வந்துவிடும், குனிந்து எடுக்கச் சக்கரத்தருகே போக வேண்டியதில்லை. பின்னால் விடும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பிள்ளைகள் வெளியே இருக்கட்டும்.

வால் அணையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும் காலத்தில் கான்கிரீட் எங்கே முடிகிறது என்று முதலில் ஒரு கழியால் குத்திப் பாருங்கள். முனையைத் தாண்டி டிரெய்லர் சக்கரம் விழுந்தால் வெளியே எடுப்பது பெரும்பாடு. நீர்வளத் துறை வாரம்தோறும் அணை மட்டங்களை வெளியிடுகிறது, கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பக்கி மேலே ஏற முடியாமல் சக்கரம் சுற்றினால், காய்ந்த தரையில் நிற்கும் இன்னொரு வண்டியிலிருந்து இழுவைப்பட்டை கொடுங்கள். அதை பம்பரில் கட்டாதீர்கள், அதற்கென்று இருக்கும் கொக்கியில் மாட்டுங்கள். இழுக்கும்போது பட்டைக்குப் பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது.

ஷெல்லி பீச் பக்கம் குடிவந்த ஒருவர்: நண்பர் அணையில் நன்றாகப் படகு ஓட்டுகிறார். முதல் முறை கடலில், அலைகளைத் தாண்டி இறங்க ஆசைப்படுகிறார். நான் கூடப் போய் உதவினால் போதுமா?

போதாது. இங்கே உதவி என்றால் தடுப்பதுதான். 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள படகுக்குத் தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின், அதாவது சாம்சாவின், தகுதிச் சான்றிதழ் வேண்டும். அணைக்கு எடுத்த சான்றிதழ் கடலுக்குச் செல்லாது. அலை தாண்டி இறக்குவதற்குத் தனி ஒப்புதல் இருக்கிறது. அனுபவமுள்ள கேப்டன் ஒருவரோடு பயணியாகப் பலமுறை போகட்டும். அலைக்கூட்டம் எப்படி வருகிறது, இரண்டு கூட்டத்துக்கு நடுவில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். போகும்போது எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். இறங்குமிடத்துப் பதிவேட்டில் எழுதாமல் கிளம்பக் கூடாது. நீங்கள் வரவில்லை என்று கரையில் இருப்பவருக்குத் தெரிவது அதை வைத்துத்தான்.

1966-இல் ஸ்டில்பாய் அருகே 17 மீனவர்கள் மூழ்கிய பிறகு, 1967-இல் தொடங்கியதுதான் என்எஸ்ஆர்ஐ கடல் மீட்பு நிறுவனம். அதில் மீட்புக்குப் போகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்களை அனாவசியமாகத் தண்ணீரில் இறக்க வேண்டாம். உண்மையிலேயே ஆபத்து என்றால் தயங்காமல் வானொலியில் 16-ஆம் சேனலிலோ, கைப்பேசியில் 112-இலோ கூப்பிடுங்கள்.

ஹோவிக்கிலிருந்து: மிட்மாரில் கோடை மதியம் இடி இடித்ததும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் திரும்புகிறது. அப்போது ஒரே அடிதடி.

இடி நேரத்தில் வரிசை முறை பேசிப் பயனில்லை. முதலில் ஆட்களை இறக்குங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் கரையேறி வண்டிக்குள் உட்காரட்டும், மீன்பிடித் தூண்டில்களைப் படுக்க வையுங்கள். படகுகளைக் கட்டிவிட்டுப் புயல் கடக்கும்வரை விட்டுவிடலாம், நனைந்தால் நனையட்டும். ஏற்றியே ஆக வேண்டும் என்கிறவருக்கு ஒரு துப்பு: டிரெய்லரை அதிக ஆழத்தில் விடுவதுதான் நேரத்தைத் தின்கிறது. மட்கார்டின் மேல்முனை நீர்மட்டத்தில் இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள், படகு அங்குமிங்கும் மிதக்காமல் நடுவில் வந்து உட்காரும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து இன்னொருவர்: ஏற்றியதும் ஸ்லிப்வேயிலேயே நிறுத்திக் கழுவலாமா?

கூடாது, சங்கிலியை மாட்டிவிட்டு மேலே போய்விடுங்கள். அங்கே முதலில் பங்கைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு, டிரெய்லர் அச்சிலும் ரோலர் இடுக்கிலும் பாருங்கள். இனாண்டாவிலிருந்து வருகிறவர்கள் ஆகாயத்தாமரை என்கிற நீர்க்களையின் துண்டு ஒன்று சிக்கியிருந்தால்கூட எடுத்துக் கரையில், தண்ணீர் எட்டாத இடத்தில் காயப் போடுங்கள். அடுத்த வாரம் ஆல்பர்ட் ஃபால்ஸ் அணையில் இறக்கப்போவது அதே டிரெய்லரைத்தானே.